ஆடும் உடலும் அசையும் படமும்: விஞ்ஞானப் புனைவு நடனம் பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்துள்ள நாரந்தனையில், ஒரு வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சீலையொன்றை இழுத்துக் கட்டி, உதயசங்கரின் ‘கல்பனா’ என்னும் திரைப்படத்திலிருந்து சில பகுதிகளை அண்மையில் நாம் காட்டினோம். பார்க்க வந்தோர் இருபது பேரளவினர். அவர்களுள் ஒருவர் இளமையில் கூத்தாடியவர், எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். தொழிலாளர் இயந்திரங்களாக மாறும் நடனம் திரையில் ஓடிக்கொண்டிருந்தபொழுது அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் வந்த ஒரு காட்சியில், கமரா ஆடுபவரை அண்மித்து இடுப்புக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் காட்டிற்று. அவ்வேளையில் அவர் சற்றுச் சினத்துடன், “தம்பியவை, காலைக் காட்டுங்கோ. கால் தெரியாட்டி ஆட்டம் என்னெண்டு விளங்கிறது?” என்றார். படத்தை நாம் எடுக்கவில்லை, எடுத்தவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன என்று விளக்கியும் அவர் ஆறவில்லை.

திரைப்படமும் நடனமும் இணையும் இடத்தில் எழும் அடிப்படைப் பிரச்சினையை அவ்வொரு வாக்கியம் தொட்டுவிட்டது என்றே நாம் கருதுகின்றோம். மேடையில் அல்லது களரியில் நிகழும் ஆட்டத்தில் எதைப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவனே தீர்மானிக்கிறான். விரும்பினால் காலைப் பார்ப்பான். விரும்பினால் மத்தளக்காரரின் கையைப் பார்ப்பான். சலித்தால் பக்கத்திலிருப்பவனுடன் கதைப்பான். திரைப்படத்தில் அவ்வுரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டுக் கமராவின் பின்னால் நிற்பவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பறிக்கப்பட்ட உரிமைக்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது யாது? ஒருவேளை, களரியில் ஒருபோதும் காணமுடியாத ஒன்றை அவன் காண்கிறானா? அப்படிக் காணுமிடத்தில் மட்டுமே திரையும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று தேவையாகின்றன. ஏனைய இடங்களிலெல்லாம் ஒன்று மற்றொன்றுக்குச் சோடனையாக நின்றுவிடுகின்றது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்விணைப்பின் ஒரு சிறப்பு வகையை: விஞ்ஞானப் புனைவினால் உந்தப்பெற்று, திரைப்படத்தின் துணையுடன் உருவாகும் நவீன நடனத்தை. விஞ்ஞானப் புனைவு என்றவுடன் பறக்கும் தட்டுக்களையும் ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளையும் நினைப்பது வழக்கம். வேறு சிலர், இவையெல்லாம் எம் புராணங்களில் முன்னரே உள்ளன, புட்பக விமானம் இருந்ததல்லவா என்று தொடங்குவர். அத்தகைய பெருமைப் பேச்சுடன் நாம் தர்க்கிக்க விரும்பவில்லை. புராணம் நடந்ததாகச் சொல்கிறது. விஞ்ஞானப் புனைவு நடக்கக்கூடியதாகச் சொல்கிறது. இன்றுள்ள உற்பத்தி முறையும் அறிவும் இதே திசையில் தொடர்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்று கேட்பது அதன் தொழில். அக்கேள்வி முதலில் மனித உடலைப் பற்றிய கேள்வியாகவே எழுந்தது என்பதையும், ஆகவே நடனத்துக்கு அது அந்நியமானதன்று என்பதையும் வரலாறு காட்டுகின்றது.

‘றோபோ’ என்ற சொல்லின் வரலாறே இதற்குப் போதிய சான்று. செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சப்பெக் 1920ஆம் ஆண்டு எழுதி, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய நாடகமொன்றிலிருந்து அச்சொல் உலக வழக்குக்கு வந்தது. அதனை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் ஓவியரான அவர் தமையனார் ஜோசப். செக் மொழியில் ‘றொபோட்டா’ என்பது பண்ணைக்காரனுக்கு ஊதியமின்றிக் கட்டாயமாகச் செய்ய வேண்டியிருந்த ஊழியத்தைக் குறித்தது. எமது நாட்டில் 1830களில் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒழிக்கப்பட்ட இராசகாரியம் என்னும் முறையை அறிந்தோருக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணச் சமூகத்தின் அடிமை குடிமை முறையை நினைப்போருக்கும் அப்படியே. அச்சொல் பிறந்தபொழுது இரும்பும் மின்கம்பியும் அதன் பொருளில் இல்லை. இருந்தது வெட்டிவேலை செய்யும் உடல். சப்பெக்கின் நாடகத்தில் வரும் றோபோக்களும் உலோகப் பொறிகள் அல்ல. செயற்கை முறையில் ஆக்கப்பட்ட மனித உருவினர். இரும்பு பின்னர் வந்து சேர்ந்தது.

சேர்த்தவற்றுள் முதன்மையானது ஃபிரிட்ஸ் லாங் 1927இல் வெளியிட்ட ‘மெற்றோபொலிஸ்’ என்ற யேர்மனிய மௌனப் படமாகும். நிலத்துக்குக் கீழே வாழும் தொழிலாளரின் வேலைமுறை மாறும் காட்சியுடன் அதன் தொடக்கம் அமைகின்றது. வேலைக்குச் செல்லும் அணியும் வேலை முடிந்து வரும் அணியும் தலை கவிழ்ந்து, சதுரம் சதுரமாக, ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. வேலை முடிந்து வருவோரின் நடை மற்றையோரின் நடையிலும் மிக மந்தமானது. களைப்பு என்ற சொல் எங்கும் எழுதிக் காட்டப்படவில்லை. நடையின் காலப்பிரமாணம் அதனைச் சொல்லிவிடுகின்றது. லயம் அறிந்த எவரும் இதனை நடனம் என்று ஏற்கத் தயங்கார். அதே படத்தின் பிற்பகுதியில், பெண்ணுருக் கொண்ட இயந்திரம் தான் மனிதப் பெண் என்று நகரத்துச் செல்வந்தரை நம்பவைப்பதற்குத் தேர்ந்துகொள்ளும் வழியும் நடனமே. மேடையில் ஆடுகிறாள், பார்ப்போர் மயங்குகின்றனர், இயந்திரம் மனிதனாக ஏற்றுக்கொள்ளப்பட்டு விடுகின்றது. ஆக, விஞ்ஞானப் புனைவுத் திரைப்படத்தின் மூலவேர் எனப்படும் படத்தில், மனிதன் இயந்திரமாவதும் இயந்திரம் மனிதனாவதும் ஆட்டத்தின் வழியாகவே நிகழ்கின்றன. நாற்பதாண்டுகளுக்குப் பின் 1968இல் குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தில், எலும்பை ஆயுதமாக்கக் கற்கும் ஆதிக் குரங்காகத் தோன்றியவர் ஊமத்தில் தேர்ச்சி பெற்ற ஒரு கலைஞர் என்பதும், அதே படத்தில் விண்கலங்கள் வால்ற்ஸ் இசைக்கு ஆடுகின்றன என்பதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை.

எம்மவர் பக்கம் வருவோம். நவீன நடனமும் திரைப்படமும் இயந்திர நாகரிகம் பற்றிய கற்பனையும் எம் பிராந்தியத்தில் முதன்முதலாக வலுவாக ஒன்றுகூடிய இடம் சென்னை ஜெமினி ஸ்ரூடியோ. ‘கல்பனா’ அங்குதான் படமாக்கப்பட்டது, 1948இல் வெளிவந்தது. எழுதியும் நெறிப்படுத்தியும் நடித்தும் அதனை உருவாக்கிய உதயசங்கர் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். இலண்டனில் ஓவியம் பயின்றவர். 1920களில் உருசிய நர்த்தகி அன்னா பவ்லோவாவுடன் சேர்ந்து ஆடி உலகின் கவனத்தைப் பெற்றவர். மரபான எந்த ஒரு நடன முறையிலும் இளமையில் முறையாகப் பயிலாதவர் என்பது அவர்மீது அடிக்கடி சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. அக்குறையே அவருக்கு விடுதலையாகவும் அமைந்தது என நாம் எண்ணுகின்றோம். 1930களின் இறுதியில் இமயத்தின் அடிவாரத்து அல்மோராவில் அவர் தொடங்கிய கலை நிலையத்தில் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும் மணிப்புரிக்கு அமோபி சிங்கும் பரதத்துக்குக் கந்தப்பாபிள்ளையும் ஆசிரியர்களாயினர். கந்தப்பாபிள்ளை பாலசரசுவதியின் குரு. தஞ்சை மரபின் மிக நுணுக்கமான பாணியைக் காத்த ஒருவரும், மரபுகளைக் கலைத்துப் புதிது சமைக்க முனைந்த ஒருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர் என்பது இன்று மரபா நவீனமா என்று பட்டிமன்றம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

அல்மோராவில் உருவான ஆக்கங்களுள் ஒன்று ‘உழைப்பும் இயந்திரமும்’. கிராமத்து மக்கள் ஆலைக்கு ஈர்க்கப்படுகின்றனர். அங்கு அவர்களின் அசைவுகள் படிப்படியாகப் பொறியின் அசைவுகளாகின்றன. ஈற்றில் கிளர்ச்சி பிறக்கின்றது. கதையென்று பார்த்தால் இன்று எளிதில் ஊகிக்கத்தக்கதே. ஆனால் அதன் சிறப்பு கதையில் இல்லை. இயந்திரத்தைக் காட்ட இயந்திரம் கொண்டுவரப்படாததில் இருக்கின்றது. ஆடுவோரின் உடல்களே சக்கரமாகவும் பற்சில்லாகவும் உந்துதண்டாகவும் அமைகின்றன. ஒருவரின் முழங்கை மடிந்தால் அடுத்தவரின் இடுப்புத் திரும்புகின்றது. உழவரின் வளைந்த, மூச்சுவிடும் அசைவுக்கும் ஆலையின் வெட்டுவெட்டான அசைவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பார்ப்பவர் தம் தசைகளிலேயே உணர்கின்றனர். உருவமும் உள்ளடக்கமும் என்று நாம் ஓயாது விவாதிக்கும் பிரச்சினைக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அந்நியமாதல் என்ற தத்துவச் சொல்லை அறியாத ஒருவரும் அதன் பொருளை இங்குக் கண்ணால் கண்டுகொள்வார்.

‘கல்பனா’வில் இந்த ஆக்கம் கமராவுக்கு மாற்றப்பட்டபொழுது நிகழ்ந்தவை கவனத்துக்குரியவை. படத்தின் ஒளிப்பதிவாளர் கே. ராம்நாத். உடல்கள்மீது நிழல்கள் விழுகின்றன; பிம்பத்தின்மேல் பிம்பம் படிகின்றது; மனிதர் சிறுத்துப் பொறிகள் பெருக்கின்றன. மேடையில் ஆடுபவர் எவராயினும் ஆறடிக்கு மேல் வளரமுடியாது. கமரா அந்த எல்லையை அழிக்கின்றது. மேலே நாம் கேட்ட கேள்விக்கு, பறிக்கப்பட்ட உரிமைக்கு ஈடாகக் கிடைப்பது யாது என்பதற்கு, ஒரு விடை இங்குண்டு: உடலுக்கும் உலகுக்கும் இடையேயுள்ள அளவு விகிதத்தை மாற்றிக் காட்டும் ஆற்றல். பொறியின்முன் மனிதன் எவ்வளவு சிறியவனாக்கப்பட்டான் என்பதைத் திரை சொல்லலாம். மேடை சொல்ல வேண்டுமாயின் பின்னணியில் பெரும் படுதா எழுத வேண்டும்.

படத்தின் சட்டகமும் சுவையானது. எழுத்தாளர் ஒருவர் படத் தயாரிப்பாளர் ஒருவரிடம் தம் கதையைச் சொல்கிறார். நாம் பார்ப்பது அக்கதையை. முடிவில் தயாரிப்பாளர் அதனை ஏற்க மறுக்கிறார். தன் படம் சந்தையில் என்ன ஆகும் என்பதைப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்த கலைஞர் வேறெவரும் உளரோ அறியோம். வருவாயில் படம் தோல்வியுற்றது. அதே ஸ்ரூடியோவில், அதே 1948இல் வெளிவந்த எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ நூற்றுக்கணக்கானோர் பெருமுரசங்களின்மேல் ஆடும் நடனத்தால் நாடு முழுவதையும் வசப்படுத்தியது. அவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம். இரண்டிலும் திரளான உடல்களின் ஒத்திசைவு உண்டு. ஒன்றில் அவ்வொத்திசைவு கேள்விக்குள்ளாக்கப்படுகின்றது. மற்றதில் வியப்புக்குரிய காட்சியாக்கப்படுகின்றது. தமிழ்த் திரைப்படம் பின்னர் எந்த வழியில் சென்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ‘கல்பனா’ 2012இல் உலகத் திரைப்பட நிதியத்தின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டுக் கான் விழாவில் காட்டப்பட்ட பின்னரே பலரும் அதனைக் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. நாரந்தனை முற்றத்தில் நாம் காட்டியதும் அவ்வாறு மீண்ட படமே.

தமிழ்த் திரை சென்ற வழியில் ஒரு படம் மாத்திரம் எமது பொருளுக்கு நேரடியாக உரியது. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யை இன்று பலர் வேடிக்கைக்காகவே நினைவுகூர்கின்றனர். ஏ. காசிலிங்கம் நெறிப்படுத்த, எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த இப்படத்தில் வேற்றுலகினர் பூமிக்கு வருகின்றனர். எதற்காக? பொன்னுக்காகவோ நிலத்துக்காகவோ அன்று. விஞ்ஞானத்தில் முன்னேறிய அவ்வுலகில் கலை இல்லை. ஆகவே ஆடலும் பாடலும் கற்பிக்கவல்ல ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். இக்கருவை நாம் எளிதில் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்க விஞ்ஞானப் புனைவுப் படங்களில் வேற்றுலகினர் பெரிதும் படையெடுப்பாளராக வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களைக் கலைப் பஞ்சத்தால் வாடுவோராகக் கற்பனை செய்தமை தமிழ்ப் படம் ஒன்றுக்குப் பெருமை தருவதே.

ஆயினும் கருவின் துணிவு ஆட்டத்துக்கு வரவில்லை. நிறை குறைந்த உலகில் மனிதர் எம்பி எம்பி நடப்பதாகக் காட்டப்படுகின்றது. ஆனால் அந்நடையிலிருந்து ஒரு நடனம் பிறக்கவில்லை. நிலத்தை மிதிப்பதே எம் ஆடல்களின் அடிப்படை. பரதத்தின் அரைமண்டியும் கூத்தின் துள்ளுமிதியும் பூமியின் ஈர்ப்பை நம்பி எழுந்தவை. ஈர்ப்புக் குறைந்த உலகில் தட்டடவு எப்படி ஒலிக்கும்? மிதித்த கால் எப்பொழுது திரும்பி வரும்? தாளம் என்ன ஆகும்? இவ்வளவு வளமான கேள்விகள் கதையின் வாசலில் நிற்க, வழமையான பாடல் ஆடல்களுடன் படம் நிறைவு காண்கின்றது. 2010இல் வந்த ‘எந்திரன்’ பற்றியும் இதையே சொல்லலாம். பொறிமனிதனின் வெட்டசைவு அங்கு நவநாகரிக நடனப் பாணியாகிவிட்டது. உழைப்பின் வலியிலிருந்து பிறந்த அசைவு, எழுபதாண்டுப் பயணத்தின் பின் விலையுயர்ந்த அலங்காரமாக வந்து நின்றமை தனியே ஆராயத்தக்கது. இங்கு விரிக்க இடமில்லை.

உதயசங்கரிடம் மீண்டும் செல்ல வேண்டியுள்ளது. அவர் முதுமையில், 1970களின் தொடக்கத்தில், கல்கத்தாவில் ‘சங்கர்ஸ்கோப்’ என்ற ஆற்றுகையை நிகழ்த்தினார். மேடையில் திரை, திரையில் படம், படத்தில் வரும் மனிதர் அதன் விளிம்பைத் தாண்டி உயிருள்ள ஆடுநராக மேடையில் தோன்றுவர், மேடையில் நின்றவர் திரைக்குள் புகுந்து விடுவர். 1958ஆம் ஆண்டு புருசல்ஸ் உலகப் பொருட்காட்சியில் செக் கலைஞர்களான அல்பிரட் ராடொக்கும் ஜோசப் ஸ்வொபொடாவும் அறிமுகப்படுத்திய ‘லற்றேர்னா மாகிக்கா’ முறையுடன் இதனை ஒப்பிடலாம். செக் நாட்டுப் பெயர் மீண்டும் குறுக்கிடுவது தற்செயலே. மாயவித்தை என்று இதனைச் சிலர் ஒதுக்குவர். ஆனால் அல்மோராக் காலத்திலேயே அவர் வெள்ளைத் திரைக்குப் பின் ஆடுவோரை நிறுத்தி இராமலீலையை நிழலாட்டமாகக் காட்டியவர் என்பதை நினைவில் கொண்டால், திரையும் உடலும் ஒரே வெளியில் வாழவேண்டும் என்ற எண்ணம் அவரிடம் முப்பதாண்டுகள் வளர்ந்து வந்ததென்பது புலப்படும். ‘கல்பனா’வில் உடல் முழுவதும் திரைக்குள் சென்றுவிட்டது. ‘சங்கர்ஸ்கோப்’பில் அது வெளியே வந்து மூச்சு வாங்கிற்று. 1977இல் அவர் மறைந்தார்.

இடையில் அமெரிக்காவில் மாயா டெரன் 1945இல் எடுத்த மூன்று நிமிடமும் நிறையாத ஒரு படத்தைக் குறிப்பிடாது செல்லுதல் முறையன்று. ராலி பீற்றி என்ற கறுப்பின நடனக் கலைஞர் காட்டில் காலைத் தூக்குகிறார். அக்கால் ஒரு வீட்டின் அறையில் ஊன்றுகின்றது. ஓரடி வைப்பதற்குள் இரண்டு உலகங்கள். விண்கலம் எதுவுமின்றி, கத்தரிக்கோலும் ஒட்டும் பசையும் மட்டும் கொண்டு, வெளியைக் கடக்கும் விஞ்ஞானப் புனைவை அவர் ஆக்கினார் என்று சொல்லத் தோன்றுகின்றது. பெருநிதி இல்லாத எம் போன்றோருக்கு இப்படத்தில் படிப்பினை உண்டு. மேலும், இங்குக் கால் காட்டப்படுகின்றது என்பதையும், எம் நாரந்தனைப் பெரியவர் இதனை ஏற்றிருப்பார் என்பதையும் கூறிக்கொள்கின்றோம்.

அண்மைக்காலத்து ஆக்கங்களுள் எமக்கு நெருக்கமானவை சோபனா ஜெயசிங்குடையவை. சென்னையில் பிறந்து, சிறுபராயத்தில் இலங்கையிலும் மலேசியாவிலும் வாழ்ந்து, இலண்டனில் 1980களின் இறுதியிலிருந்து தம் குழுவை நடத்திவரும் இவர் பரதத்தில் பயின்றவர். 2002இல் இவர் ஆக்கிய நடனமொன்றில் இலண்டன் கிரீனிச்சில் ஆடியோருடன் பெங்களூரில் ஆடிய ஒருவரும் இணையவழி நேரலையாகத் திரையில் தோன்றிச் சேர்ந்து ஆடினார். ஒரே நேரத்தில் இரு நகரங்களில் ஒரு நடனம். இடையில் பகலும் இரவும் வேறுபடுகின்றன. அக்காலத்தில் இது புனைவு போலத் தோன்றியிருக்கும். இன்று ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளையின் அரங்கேற்றத்தை ஊர்காவற்றுறையிலிருந்து கைத்தொலைபேசியில் பார்ப்போர் நிரம்ப உளர். விஞ்ஞானப் புனைவு எவ்வளவு விரைவில் குடும்பச் செய்தியாகிவிடுகின்றது!

அவரது 2018ஆம் ஆண்டு ஆக்கமான ‘கொன்ரேஜியன்’, அதாவது ‘தொற்று’, 1918இல் உலகெங்கும் பரவிய சளிச்சுரப் பெருந்தொற்றின் நூற்றாண்டை ஒட்டி அமைந்தது. அதில் ஆடுவோர் அனைவரும் பெண்கள். அவர்கள் நோயாளிகளை மட்டும் சித்திரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வைரசையும் ஆடுகின்றனர். அது உட்புகுகின்றது, பல்குகின்றது, உருமாறுகின்றது. ஒளிப்படிமங்கள் அவர்களின்மேலும் சுற்றியுள்ள பெட்டிகளின்மேலும் விழுகின்றன. இங்குத் திரைப்படிமம் செய்யும் பணி முக்கியமானது. மேலே அது மனிதனைப் பொறியின்முன் சிறுக்கச் செய்தது. இங்கு உயிரணுவை மனித அளவுக்குப் பெருக்குகின்றது. ஈராண்டுகளின் பின் 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபொழுது அந்நடனத்தின் பொருள் மாறிப்போயிற்று. அது எதிர்வுகூறல் என்று சிலர் வியந்தனர். எதிர்வுகூறுவது கலையின் வேலையன்று என்பது எமது எண்ணம். நடந்ததை உடலால் ஆராய்ந்தவர், நடக்கக்கூடியதன் வாசலில் தாமாகவே போய் நின்றார்.

இவையெல்லாம் நாரந்தனைக்கு எவ்வாறு உரியன என்று கேட்கப்படலாம். வெறும் வியப்புக்காக நாம் அங்கு சீலை கட்டவில்லை.

யாழ்ப்பாணத்துக் கூத்து மரபில் பாட்டு நின்றது, ஆட்டம் அருகியது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி ஆட்டங்கள் வலுவுடன் வாழ, யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் கத்தோலிக்கக் கூத்துகள் உள்ளிட்ட பலவற்றில் குரல் வளமே முதன்மை பெற்று, கால் பின்தங்கியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மீட்டெடுத்தபொழுது ஆட்டத்துக்கு மட்டக்களப்பையே நாட வேண்டியிருந்தது. அவ்வழி வந்த சி. மௌனகுரு ‘சங்காரம்’ நாடகத்தில் வர்க்கத்தையும் சாதியையும் இனபேதத்தையும் அரக்கராக்கி ஆட வைத்தமை, மரபின் அடவு சமகாலக் கருத்துக்கு இடங்கொடுக்கும் என்பதற்கு நாம் நன்கறிந்த சான்று. அரக்கன் வர்க்கமாக முடியுமாயின் பொறியாகவும் முடியும், வைரசாகவும் முடியும். தீவகத்தில் எஞ்சியிருந்த சிறிதளவு ஆட்டமும் 1990களின் தொடக்கத்தில் போர் மக்களை ஊரோடு பெயர்த்தபொழுது சிதறிற்று. அண்ணாவிமார் சிலர் யாழ்ப்பாணம் சென்றனர்; வன்னி சென்றனர்; பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றனர்; சிலர் திரும்பவில்லை. ஏட்டுப் பிரதி கையோடு போகும். அடவு உடலோடு போகும், உடலோடு அழியும்.

ஆகவேதான் கமராவின் கேள்வி எமக்கு அழகியற் கேள்வி மட்டுமன்று. இன்று கூத்துகள் நிறையவே ஒளிப்பதிவு செய்யப்படுகின்றன. அவற்றுட் பலவற்றை நாம் பார்த்தோம். ஒலிவாங்கியின்முன் நின்று பாடும் முகம் தெளிவாக இருக்கின்றது. உடையின் சரிகை மின்னுகின்றது. கால்கள் சட்டகத்துக்கு வெளியே உள்ளன. திருமண மண்டபத்துப் படப்பிடிப்புப் பழக்கம் அப்படியே கூத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், நடன அரங்கேற்றங்களில் ஆடுபவரின் பின்னால் பெரிய மின்திரையை நிறுத்தி, கயிலாயம் என்றால் பனிமலையும் கடல் என்றால் அலையும் ஓடவிடும் வழக்கம் பெருகியுள்ளது. ஆடுபவள் கையால் அலை காட்டுகிறாள். பின்னால் உண்மை அலையே வருகிறது. அவள் கை எதற்கு? இவ்விரண்டும் திரையும் ஆட்டமும் இணைந்தவையல்ல, அருகருகே நிற்பவை.

தீவகத்துக்கென ஒரு விஞ்ஞானப் புனைவு நடனம் அமையுமாயின் அது எதைப் பேசும்? நாம் வான்வெளிக்குச் செல்லவேண்டியதில்லை. காலடியில் பொருள் இருக்கின்றது. சுண்ணக்கல் நிலத்தின் கீழ், கனங்கூடிய கடல்நீரின்மேல், மழைநீர் மெல்லிய வில்லை போல மிதந்துகொண்டிருப்பதை நிலவியலார் விளக்கியுள்ளனர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறும். இயந்திரம் கொண்டு மிதமிஞ்சி இறைத்தால் கிணறு உப்பாகும். கடல்மட்டம் உயர்ந்தாலும் அதுவே கதி. தீவகத்தில் குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்த்திருப்போருக்கு இது புனைவன்று. ஓரடிக்கு நாற்பதடி என்ற அவ்விகிதத்தை ஒரு தாளக்கட்டாக எண்ணிப் பாருங்கள். மேலே ஒரு கால் மெல்ல எழ, கீழே ஒரு திரள் முழுவதும் அசைகின்றது. மேடையில் மேற்பாதியை உடலும் கீழ்ப்பாதியைத் திரையும் ஆடலாம். கண்ணுக்குத் தெரியாத நீரைக் காட்ட இங்குத் திரை தேவை. அதன் கனத்தை உணர்த்த உடல் தேவை. இரண்டும் ஒன்றையொன்று வேண்டிநிற்கும் இடம் என்று தொடக்கத்தில் நாம் குறித்தது இத்தகையதையே. இதனை ஆக்கவேண்டியோர் இளைஞர். நாம் வழிகாட்டிகள் அல்லர். எமக்கு ஆடத் தெரியாது.

முற்றத்துக் காட்சி முடிந்து மற்றையோர் போன பின்னரும் அப்பெரியவர் இருந்தார். ஆடிய ஆட்டத்தை இன்னும் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். முதலில் மறுத்தார், முழங்கால் நோவென்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, தூணொன்றைப் பிடித்துக்கொண்டு, வாயால் தாளம் சொல்லியபடி தென்மோடி வரவாட்டத்தின் நாலைந்து அடிகளை வைத்துக் காட்டினார். உடன் வந்த மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியை நிலத்தில் சாய்த்து வைத்து, பாதங்களை மட்டும் படமெடுத்தார். எடுத்ததை அச்சீலையிலேயே போட்டோம். ஒவ்வொரு பாதமும் ஓராள் உயரம். மண் துகள் பறப்பதும் தெரிந்தது. எழுபதாண்டுகளில் தம் காலைத் தாமே முன்னால் நின்று பார்த்தது அதுவே முதற்றடவை என்றார். இன்னொருமுறை ஓடவிடச் சொன்னார். மூன்றாந்தடவை, திரைக்கு அருகே சென்று, கையால் தொட்டுக் காட்டி, “இதிலை ரெண்டாம் அடி பிழை. நாளைக்கு வாங்கோ, திருத்தி வைக்கிறன்” என்றார்.